டப்பட்: சொல்லின் பொருளும் எஞ்சினில் அதன் தொழிலும்



எஞ்சின் அலகைப் படிக்கும்போது முசலம், உருளை, சுழற்றித்தண்டு என்பவற்றை நீங்கள் விரைவில் விளங்கிக் கொள்கிறீர்கள். ஆனால் அளவில் சிறிய ஒரு பாகம் பலரைத் தடுமாற வைக்கிறது. அதுவே டப்பட்.

தடுமாற்றத்துக்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு அல்ல. இந்தச் சொல் புத்தகத்தில் ஒரு பொருளிலும் கராச்சில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. வீட்டு மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொண்டு போனால் மெக்கானிக் அண்ணை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “தம்பி, டப்பட் அடிக்குது, ஒருக்கா டப்பட் பிடிச்சு விடவேணும்” என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அதைக் கேட்டுப் பழகிய மாணவர், “டப்பட் என்றால் என்ன?” என்ற வினாவுக்கு “வால்வுக்கு விடப்படும் இடைவெளி” என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. டப்பட் என்பது ஒரு பாகம், இடைவெளி வேறு.

மறுபக்கமும் உண்டு. வரைவிலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இடைவெளி ஏன் விடப்படுகிறது என்பதை அறியாவிட்டால், கையில் கிடைக்கும் நல்ல எஞ்சினையும் கெடுத்துவிடுவார். ஆகவே சொல்லையும் தொழிலையும் சேர்த்தே படிப்போம்.

1. அடிப்படையை நினைவுபடுத்துவோம்

நான்கடிப்பு எஞ்சினில் உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியகற்றல் என நான்கு அடிப்புகள் நிகழ்கின்றன. இவை நான்கும் முடிவடையச் சுழற்றித்தண்டு இரண்டு முறை சுழல வேண்டும். ஒவ்வோர் உருளைக்கும் குறைந்தது ஓர் உள்ளெடுப்பு வால்வும் ஒரு வெளியகற்றல் வால்வும் இருக்கும். நான்கு அடிப்புகளுக்குள் ஒவ்வொரு வால்வும் ஒரேயொரு முறைதான் திறந்து மூடுகிறது.

இந்த வால்வுகளைத் திறப்பது கெம் தண்டு. கெம் என்பது தண்டின் ஒரு பக்கத்தில் முட்டை வடிவில் புடைத்து நிற்கும் பகுதியாகும். சுழற்றித்தண்டு இரண்டு முறை சுழலும்போது கெம் தண்டு ஒரு முறை மட்டுமே சுழலும்படி பற்சில்லுகளோ சங்கிலியோ பட்டியோ பொருத்தப்பட்டிருக்கும்.

உதாரணமாக, சுழற்றித்தண்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் கெம் தண்டு 1500 முறை சுழலும். ஒரு வால்வு நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது செக்கனுக்கு 25 முறை திறந்து மூடும். இவ்வளவு வேகமான அசைவு கெம்மிலிருந்து வால்வுக்குப் போய்ச் சேரும் வழியில் முதலாவதாக நிற்கும் பாகமே டப்பட்.

2. வரைவிலக்கணம்

கெம்மின் மீது அமர்ந்து, கெம்மின் சுழற்சி அசைவை நேர்கோட்டு மேல்-கீழ் அசைவாகப் பெற்று, அதனை வால்வுக்கு அல்லது தள்ளுகோலுக்குக் கடத்தும் பாகம் டப்பட் எனப்படும்.

இவ்வரைவிலக்கணத்தில் மூன்று கருத்துகள் உள்ளன. எது விடுபட்டாலும் விடை குறைபடும்.

(அ) அது கெம்மைத் தொட்டு நிற்கிறது.
(ஆ) சுழற்சி அசைவு நேர்கோட்டு அசைவாகிறது.
(இ) அந்த அசைவு அடுத்த பாகத்துக்குக் கடத்தப்படுகிறது.

மெதுவாகத் தட்டுதல் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்தே டப்பட் என்ற பெயர் பிறந்தது. அடுத்த பாகத்தைத் தட்டித் தள்ளுவது டப்பட் என்று நினைவில் வைத்திருந்தால் மறக்காது. எஞ்சினுக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல இது. நெசவுத் தறிகளிலும் இயக்கத்தைக் கடத்தும் ஒருவகைப் பாகம் இதே பெயரால் அழைக்கப்படுகிறது.

3. கெம் நேரடியாக வால்வைத் தள்ளினால் என்ன?

இது சிந்தித்து விடை எழுத வேண்டிய வினா. கெம்மை வால்வுத் தண்டின் நுனியில் நேரடியாக உராய விட்டால் பாகம் ஒன்று மிச்சமாகுமே என்று உங்களுக்குத் தோன்றலாம்.

கெம் சுழலும் பொருள். அது தொடும் பொருளை மேலே தள்ளுவதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் தள்ளும். வால்வுத் தண்டோ மெல்லியது. பக்கவாட்டு விசை அதன் மீது விழுந்தால் தண்டும் அது சறுக்கி ஓடும் வழிகாட்டியும் விரைவில் தேய்ந்துவிடும். வழிகாட்டி தேய்ந்தால் வால்வு தன் இருக்கையில் நேராக அமராது. அந்த இடைவெளியால் எண்ணெயும் உருளைக்குள் இறங்கும்.

டப்பட் அகலமான உடலைக் கொண்டது. தனக்கென அமைந்த துளைக்குள் நேராகச் சறுக்குகிறது. பக்கவாட்டு விசையைத் தானும் அந்தத் துளையின் சுவரும் தாங்கிக் கொண்டு, நேரான அசைவை மட்டும் மேலே அனுப்புகிறது. எனவே அசைவைக் கடத்துவதும் பக்கவாட்டு விசையைத் தாங்குவதும் ஆகிய இரண்டும் அதன் தொழில்களே. இரண்டாவது தொழிலை எழுதுவோர் குறைவு. நீங்கள் எழுதுங்கள்.

தட்டையான அடியுடைய பல டப்பட்டுகளின் அடிப்பக்கம் உண்மையில் மிகச் சிறிதளவு குவிந்திருக்கும். கெம்மும் சற்றுச் சரிவாகக் கடையப்பட்டிருக்கும். இதனால் டப்பட் மேலும் கீழும் அசையும்போதே தன் அச்சிலும் மெதுவாகச் சுழல்கிறது. ஒரே இடம் தேயாமல் அடிப்பக்கம் முழுவதும் சமமாகத் தேய்வதற்காகவே இந்த ஏற்பாடு.

4. எஞ்சின் மாறியது, பெயர் மாறவில்லை

டப்பட் என்ற பாகத்தின் பெயர் இடைவெளிக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை அறிய, வால்வுகள் அமையும் இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பக்க வால்வு எஞ்சின்: இதில் வால்வுகள் உருளையின் பக்கத்தில் நிற்கும். கெம் தண்டு அவற்றுக்குக் கீழே இருக்கும். கெம், டப்பட், வால்வு ஆகிய மூன்றுமே வரிசை. இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் இடைவெளியைச் சரிசெய்யும் திருகாணி டப்பட்டின் தலையிலேயே இருந்தது. ஆகவே “டப்பட் பிடித்தல்” என்றால் உண்மையாகவே டப்பட்டில் உள்ள திருகாணியைத் திருப்புவதுதான்.

தள்ளுகோல் எஞ்சின்: இதில் வால்வுகள் உருளைத் தலைக்கு ஏறிவிட்டன. கெம் தண்டு கீழே உருளைக் கட்டையிலேயே இருக்கிறது. ஆகவே கெம், டப்பட், தள்ளுகோல், றொக்கர் புயம், வால்வு என்று வரிசை நீள்கிறது. தள்ளுகோல் றொக்கர் புயத்தின் ஒரு முனையை மேலே தூக்க, மறுமுனை வால்வைக் கீழே அழுத்தித் திறக்கிறது. திருகாணி றொக்கர் புயத்துக்கு இடம் மாறிவிட்டது. டப்பட் கட்டைக்குள் மறைந்திருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. ஆனாலும் வேலையின் பெயர் “டப்பட் பிடித்தல்” என்றே நிலைத்துவிட்டது.

நம் நாட்டுத் தெருக்களில் நீண்ட காலம் ஓடிவரும் மொறிஸ் மைனர் கார் இம்மாற்றத்துக்கு நல்ல சான்று. 1948 இல் வெளிவந்தபோது அதில் 918 கன சென்ரிமீற்றர் பக்க வால்வு எஞ்சின் இருந்தது. 1952 முதல் அதற்குத் தள்ளுகோல் எஞ்சின் பொருத்தப்படலாயிற்று. ஒரே காரின் பெயரில் இரு வகையும் வந்தன.

தலைமேல் கெம் தண்டு எஞ்சின்: இதில் கெம் தண்டும் உருளைத் தலைக்கே ஏறிவிடுகிறது. ஹொண்டா சி 90 போன்ற சிறிய மோட்டார் சைக்கிள்களில் கெம் நேரே றொக்கர் புயத்தை அசைக்கிறது. தனியான டப்பட் என்று ஒன்று அங்கே இல்லை. என்றாலும் கராச்சில் “டப்பட்” என்றே சொல்வார்கள். வேறு சில எஞ்சின்களில் வாளியைக் கவிழ்த்தது போன்ற டப்பட் ஒன்று வால்வின் தலையில் அமர்ந்திருக்கும். கெம் அதன் மேல் நேரடியாக அழுத்தும். இங்கே இடைவெளியைத் திருகாணியால் அன்றி, வேறு தடிப்புள்ள வட்டத் தகட்டை அல்லது வேறு தடிப்புள்ள டப்பட்டையே இட்டுச் சரிசெய்வர்.

நீரியல் டப்பட்: இதனுள் எஞ்சின் எண்ணெய் அமுக்கத்துடன் நிரம்பி, இடைவெளி உண்டாகாதபடி தானே நீண்டு கொடுக்கும். இடைவெளி பிடிக்கும் வேலை இதற்குப் பொதுவாக இல்லை. நெடுநேரம் நிறுத்திவைத்த வாகனத்தை இயக்கும்போது சிறிது நேரம் தட்டும் ஓசை கேட்டு, எண்ணெய் ஏறியதும் நின்றுவிடலாம். ஓசை நிற்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயின் மட்டத்தை.

கவனிக்க: முசலமே துவாரங்களைத் திறந்து மூடும் சாதாரண ஈரடிப்புப் பெற்றோல் எஞ்சினில் இவ்வகை வால்வுகள் இல்லை. எனவே கெம் தண்டும் இல்லை, டப்பட்டும் இல்லை.

5. இடைவெளி ஏன்?

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடிய நிலையில் வால்வுத் தண்டின் நுனிக்கும் அதனைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே விடப்படும் சிறு வெளியே டப்பட் இடைவெளி அல்லது வால்வு இடைவெளி எனப்படும்.

வெப்பத்தால் உலோகம் விரியும் என்பதை விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஒரு மீற்றர் நீளமான உருக்குக் கோலின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும். இதைக் கொண்டு எளிய கணிப்பொன்று செய்வோம்.

வால்வின் நீளம் 100 மி.மீ. எனவும் அதன் சராசரி வெப்பநிலை 300 பாகை உயர்கிறது எனவும் கொள்வோம்.

100 மி.மீ. நீளம் ஒரு பாகைக்கு நீளும் அளவு = 0.0012 மி.மீ.
300 பாகைக்கு நீளும் அளவு = 0.0012 × 300 = 0.36 மி.மீ.

வால்வைச் சூழ்ந்த உருளைத் தலையும் சூடாகி விரிகிறது. ஆனால் அது குளிர்விக்கப்படுவதால் அதன் வெப்பநிலை அவ்வளவு உயர்வதில்லை. 80 பாகை உயர்கிறது எனக் கொண்டால், வார்ப்பிரும்புத் தலையில் 100 மி.மீ. தூரம் ஏறத்தாழ 0.09 மி.மீ. விரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 0.27 மி.மீ. இந்த அளவுக்கு இடம் விடப்படாவிட்டால், நீண்ட வால்வு தள்ளும் பாகத்தில் முட்டிக்கொள்ளும். முட்டினால் அதன் தலை இருக்கையை விட்டு விலகி நிற்கும். மூட வேண்டிய வால்வு மூடாது.

இக்கணிப்பின் எண்கள் விளக்கத்துக்காக எடுக்கப்பட்டவை. உண்மையான இடைவெளி எஞ்சினின் அமைப்பையும் உலோகத்தையும் பொறுத்து மாறும். அதை உற்பத்தியாளரே குறிப்பிடுவார். தள்ளுகோல் எஞ்சினுடைய மொறிஸ் மைனருக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. ஹொண்டா சி 90 இற்கு 0.05 மி.மீ. நாம் எழுதும் சாதாரண தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்பு உடையது. ஆகவே முதலாவது மூன்று தாள்களின் தடிப்பு. இரண்டாவது ஒரு தாளின் பாதி. ஓர் எஞ்சினின் அளவை வேறோர் எஞ்சினுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பல எஞ்சின்களில் வெளியகற்றல் வால்வுக்கு உள்ளெடுப்பு வால்வை விடக் கூடிய இடைவெளி கொடுக்கப்படும். உள்ளெடுப்பு வால்வைப் புதிதாக வரும் குளிர்ந்த கலவை தழுவிச் செல்கிறது. வெளியகற்றல் வால்வையோ எரிந்த வாயு தழுவிச் செல்கிறது. அதன் தலை 700 பாகை செல்சியஸையும் எட்டக்கூடும். கூடிய வெப்பம், கூடிய விரிவு, ஆகவே கூடிய இடைவெளி.

6. சத்தம் போடுவதும் சத்தமின்றிக் கெடுப்பதும்

இடைவெளி கூடினால்:
- டக், டக் என்று தட்டும் ஓசை உண்டாகும்.
- வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும்.
- வால்வு திறக்கும் உயரம் குறையும்.
- போதிய கலவை உள்ளே வராது, எரிந்த வாயு முழுவதும் வெளியேறாது. ஆகவே வலு குறையும்.
- மோதலால் பாகங்கள் தேயும்.

இடைவெளி குறைந்தால்:
- எஞ்சின் சூடானதும் வால்வு முழுமையாக மூடாது.
- நெருக்கப்பட்ட வாயு கசியும், வலு குறையும், இயக்குவது கடினமாகும்.
- வெளியகற்றல் வால்வின் விளிம்பு எரிந்து போகும்.
- தட்டும் ஓசை கேட்காது.

வால்வு ஏன் எரிகிறது? வால்வின் தலை பெறும் வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையின் வழியாகவே உருளைத் தலைக்குக் கடந்து செல்கிறது. வால்வு இருக்கையைத் தொடாவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. அதோடு சிறு இடுக்கு வழியே எரியும் வாயுவும் பீறிட்டுச் செல்லும். சிறிது காலத்தில் விளிம்பு கருகி, துண்டு விழுந்துவிடும்.

ஓசையைக் கேட்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் ஓசையில்லாத எஞ்சின்தான் கூடுதலான ஆபத்தில் இருக்கலாம். ஓசையை நிறுத்துவதற்காக இடைவெளியே இல்லாமல் திருகாணியை இறுக்கிவிட்டால் எஞ்சின் அன்றைக்கு அமைதியாக ஓடும். வால்வு எரிந்த பின்னர் உருளைத் தலையைக் கழற்ற வேண்டிவரும். அந்த எஞ்சின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரமாகவோ, ஒரு குடும்பத்தின் பிழைப்பான முச்சக்கர வண்டியாகவோ இருந்தால், நட்டம் வால்வின் விலையோடு முடிவதில்லை.

இடைவெளி காலப்போக்கில் தானாகவும் மாறும். திருகாணியின் நுனி, றொக்கர் புயம், கெம் என்பன தேய்ந்தால் இடைவெளி கூடும். அப்போது ஓசை எச்சரிக்கும். ஆனால் வால்வின் முகமும் இருக்கையும் தேய்ந்தால் வால்வு உள்நோக்கி அமர்ந்து, அதன் தண்டு றொக்கர் புயத்தை நோக்கி உயரும். அப்போது இடைவெளி குறையும். எச்சரிக்கும் ஓசை எதுவும் இராது.

இரண்டாவது நிலைக்கு நம் நாட்டிலேயே ஒரு காரணம் உண்டு. முற்காலப் பெற்றோலில் ஈயச் சேர்வை கலக்கப்பட்டது. அது வால்வு இருக்கையில் மெல்லிய படையாகப் படிந்து தேய்வைக் குறைத்தது. ஆனால் ஈயம் உடல்நலத்துக்கு, குறிப்பாகச் சிறுவர்களின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கானது. இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவு. எனினும் கடினமாக்கப்பட்ட இருக்கைகள் இல்லாத பழைய எஞ்சின்களில் இருக்கை விரைவாகத் தேயலாம். ஆகவே பழைய கார்களில் ஓசை இல்லை என்று இருந்துவிடாமல், குறித்த கால இடைவெளியில் அளந்தே பார்க்க வேண்டும்.

7. இடைவெளியை அளந்து சரிசெய்தல்

தேவையானவை: தகட்டு இடைவெளிமானி, பொருத்தமான ஸ்பனர், திருப்புளி. தகட்டு இடைவெளிமானியைக் கராச்சில் பீலர் கேஜ் என்பர். தடிப்பு பொறிக்கப்பட்ட மெல்லிய உருக்குத் தகடுகளின் தொகுதி அது.

தனி உருளை எஞ்சினில் படிமுறை:

(1) எஞ்சினை முழுமையாகக் குளிர விடுக. சூடான நிலையில் அளக்கும்படி உற்பத்தியாளர் கூறியிருந்தால் மட்டும் அவ்வாறு செய்க.
(2) தவறுதலாக இயங்காதபடி மின்னெரிபற்றலை நிறுத்துக. தீப்பொறிச் செருகியைக் கழற்றினால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது இலகு.
(3) றொக்கர் மூடியைக் கழற்றுக.
(4) நெருக்கல் அடிப்பின் முடிவில் முசலம் உச்சத்துக்கு வரும்வரை சுழற்றுக. அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும், றொக்கர் புயங்கள் இரண்டும் சற்று ஆடும்.
(5) குறித்த தடிப்புள்ள தகட்டை இடைவெளியில் செலுத்துக.
(6) பூட்டுச் சுரையைத் தளர்த்தி, தகடு இலேசான உராய்வுடன் நகரும்வரை திருகாணியைத் திருப்புக.
(7) திருகாணி அசையாதபடி திருப்புளியால் பிடித்துக்கொண்டு பூட்டுச் சுரையை இறுக்குக.
(8) மறுபடியும் அளந்து பார்க்க. சுரையை இறுக்கும்போது அளவு மாறியிருக்கலாம்.

முசலம் நான்கடிப்பில் இரண்டு முறை உச்சத்துக்கு வருகிறது. வெளியகற்றல் அடிப்பின் முடிவில் வரும் உச்சத்தில் வால்வுகள் சிறிதளவு திறந்திருக்கும். அந்நிலையில் அளந்தால் முழு வேலையும் பிழையாகும். நான்காம் படியில் “நெருக்கல் அடிப்பின் முடிவில்” என்று எழுதுவது அதனாலேயே அவசியமாகிறது.

நான்கு உருளைகளும் எட்டு வால்வுகளும் கொண்ட மொறிஸ் மைனர் போன்ற நேர்வரிசை எஞ்சினில் ஓர் எளிய வழி உண்டு. வால்வுகளுக்கு முன்னிருந்து 1 முதல் 8 வரை இலக்கமிடுக. 8 ஆம் வால்வு முழுமையாகத் திறந்திருக்கும்போது 1 ஆம் வால்வைச் சரிசெய்யலாம். 6 திறந்திருக்கும்போது 3 ஐயும், 4 திறந்திருக்கும்போது 5 ஐயும் சரிசெய்யலாம். எப்போதும் இரு இலக்கங்களின் கூட்டுத்தொகை 9. எரிபற்றும் ஒழுங்கு 1, 3, 4, 2 ஆகவும் வால்வுகள் இரு பாதிகளிலும் சமச்சீராகவும் அமைந்திருப்பதால் இது பொருந்துகிறது. எல்லா எஞ்சின்களுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

8. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: நான்கடிப்பு எஞ்சினின் சுழற்றித்தண்டு நிமிடத்துக்கு 2400 முறை சுழல்கிறது. ஓர் உள்ளெடுப்பு வால்வு நிமிடத்துக்கு எத்தனை முறை திறக்கும்?
(1) 600 (2) 1200 (3) 2400 (4) 4800
விடை: (2). கெம் தண்டு சுழற்றித்தண்டின் அரைப்பங்கு வேகத்தில் சுழல்கிறது. டப்பட் ஓசையும் எஞ்சின் வேகத்தின் அரைப்பங்கு எண்ணிக்கையிலேயே கேட்கும். கைதேர்ந்த மெக்கானிக் காதால் அதை இனங்காண்பதும் இதனால்தான்.

வினா 2: தள்ளுகோல் எஞ்சினில் கெம்மிலிருந்து வால்வு வரை அசைவு செல்லும் சரியான ஒழுங்கு எது?
(1) கெம், றொக்கர் புயம், டப்பட், தள்ளுகோல், வால்வு
(2) கெம், தள்ளுகோல், டப்பட், றொக்கர் புயம், வால்வு
(3) கெம், டப்பட், தள்ளுகோல், றொக்கர் புயம், வால்வு
(4) கெம், டப்பட், றொக்கர் புயம், தள்ளுகோல், வால்வு
விடை: (3). கெம்மை அடுத்து நிற்பது டப்பட் என்பதை நினைவில் கொண்டால் முதல் இரண்டும் உடனே நீங்கிவிடும். றொக்கர் புயம் வால்வுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதால் நான்காவதும் நீங்கும்.

வினா 3: “டப்பட்”, “டப்பட் இடைவெளி” ஆகியவற்றை வேறுபடுத்துக.
விடை: டப்பட் என்பது கெம்மைத் தொட்டு நின்று அதன் சுழற்சி அசைவை நேர்கோட்டு அசைவாகப் பெற்றுக் கடத்தும் பாகமாகும். டப்பட் இடைவெளி என்பது வால்வு மூடியிருக்கையில் வால்வுத் தண்டின் நுனிக்கும் அதனைத் தள்ளும் பாகத்துக்கும் இடையே, வெப்ப விரிவுக்காக விடப்படும் வெளியாகும்.

வினா 4: ஒருவர் தனது மோட்டார் சைக்கிளின் டப்பட் ஓசையை நிறுத்த, இடைவெளி சிறிதும் இல்லாதவாறு திருகாணியை இறுக்கினார்.
(அ) எஞ்சின் சூடானதும் வால்வுக்கு என்ன நேரும்?
(ஆ) எந்த வால்வு முதலில் பழுதடையக்கூடும்? ஏன்?
(இ) அவர் செய்திருக்க வேண்டியது என்ன?
விடை: (அ) வால்வு விரிந்து நீள்வதால் இருக்கையில் முழுமையாக அமராது, நெருக்கப்பட்ட வாயு கசியும்.
(ஆ) வெளியகற்றல் வால்வு. எரிந்த வாயுவால் மிகச் சூடாவதாலும், இருக்கையைத் தொடாதபோது அவ்வெப்பத்தை இழக்க முடியாததாலும் அதன் விளிம்பு எரியும்.
(இ) எஞ்சினைக் குளிரவிட்டு, இரு வால்வுகளும் மூடிய நிலையில், உற்பத்தியாளர் குறிப்பிட்ட தடிப்புள்ள தகட்டு இடைவெளிமானியால் அளந்து சரிசெய்திருக்க வேண்டும்.

9. பரீட்சைக்கு முன் ஒரு முறை

- டப்பட் ஒரு பாகம். இடைவெளி அதன் பெயரால் வழங்கும் அளவு.
- டப்பட்டின் தொழில் இரண்டு: அசைவைக் கடத்தல், பக்கவாட்டு விசையைத் தாங்கல்.
- இடைவெளி விடப்படுவது வெப்ப விரிவுக்காக.
- கூடினால் ஓசையும் வலுக்குறைவும். குறைந்தால் கசிவும் எரிந்த வால்வும்.
- படம் வரைந்தால் இடைவெளியை வால்வுத் தண்டின் நுனியருகே காட்டுக. கெம்முக்கும் டப்பட்டுக்கும் நடுவே காட்டிவிடாதீர்கள். வாளி வடிவ டப்பட் மட்டும் இதற்கு விலக்கு. அங்கு கெம்முக்கும் டப்பட்டுக்கும் இடையிலேயே அளப்பர்.

அடுத்த முறை கராச்சுக்குப் போகும்போது, றொக்கர் மூடி கழற்றியிருக்கும் எஞ்சின் ஒன்றைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். மெக்கானிக் அண்ணையிடம், “அண்ணை, இதில டப்பட் எங்க இருக்கு? நீங்கள் திருப்புறது எது?” என்று கேளுங்கள். அவர் விரல் வைத்துக் காட்டும் இரண்டு இடங்களையும் கண்ணால் பார்த்துவிட்டால், வினாத்தாளில் இந்தச் சொல் வரும்போது நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.